பயோடெக் பட்டம் கையில். அடுத்து லேபா, பிளான்டா, மேசையா?

வேலை அமையவில்லை என்பதற்காக எம்.எஸ்சி. சேருங்கள் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். இரண்டு வருடம் கழித்து அதே கேள்வி இன்னும் பெரிதாக வந்து நிற்கும். முதலில் உங்களுக்குப் பிடித்தது பாடமா, லேப் வேலையா என்று பிரித்துப் பாருங்கள்.

ஒரே சோதனை எத்தனை முறை சொதப்பினாலும் காரணம் தேடத் தோன்றுகிறவருக்கு ஆராய்ச்சி சரி. சிஎஸ்ஐஆர் நெட் தேர்வை பி.டெக். முடித்தவர் நேரடியாக எழுதலாம், மூன்று வருட பி.எஸ்சி.காரருக்கு எம்.எஸ்சி. வேண்டும். அந்த எம்.எஸ்சி.யை ஜிஏடி-பி நுழைவுத்தேர்வு எழுதிப் பிடித்தால் மத்திய அரசின் உதவித்தொகையோடு படிக்கலாம். நெட் தேர்வில் ஜேஆர்எஃப் கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டு வாடகைப்படி தனி. ஆனால் முனைவர் பட்டம் ஐந்தாறு வருடம் இழுக்கும். வீட்டில் கடன் நெருக்கினால் இப்போதைக்குத் தள்ளிவையுங்கள்.

லேப் பிடிக்கும், அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது என்பவருக்கு நான் சொல்வது உற்பத்தித் துறை. நம் கல்லூரிகளில் இதைப் பற்றிப் பேசுவதே குறைவு. பெங்களூரு பயோகான், ஹைதராபாத் ஜீனோம் வேலியின் தடுப்பூசி நிறுவனங்கள், புனே சீரம் என்று ஊர்விட்டுப் போகத் தயாராக இருக்க வேண்டும். அப்ஸ்ட்ரீமில் பயோரியாக்டரில் செல் வளர்ப்பீர்கள்; டவுன்ஸ்ட்ரீமில் புரதத்தைப் பிரித்துச் சுத்தம் செய்வீர்கள்; க்யூசியில் ஹெச்பிஎல்சி, எலைசா. ஷிப்ட் உண்டு. செய்த ஒவ்வொன்றையும் அந்த நிமிடமே பேட்ச் ரெக்கார்டில் எழுத வேண்டும்; எழுதாத வேலை செய்யாத வேலையாகத்தான் கணக்காகும். தொடக்கச் சம்பளம் சுமார்தான், அனுபவம் ஏற ஏற மதிப்பு கூடும். காசு கட்டி வாங்கும் சான்றிதழ்களைவிட, ஃபெர்மென்டரைத் தொட்டு வேலை செய்ய விடும் இடத்தில் இறுதியாண்டு புராஜெக்ட் செய்வது மேல். வளர்ப்பின் நடுவே ஆக்சிஜன் இறங்கினால் என்ன செய்வீர்கள் என்று இன்டர்வியூவில் கேட்டால், கை பழகியவர்தான் தயங்காமல் பதில் சொல்வார்.

மேசை வேலைகளில் மெடிக்கல் கோடிங் சீக்கிரம் கிடைக்கும். சென்னை, கோவை, திருச்சியில் ஆள் எடுக்கிறார்கள். அமெரிக்க மருத்துவமனைப் பதிவுகளைக் காப்பீட்டுக் குறியீடுகளாக மாற்றும் வேலை அது. உடனே சம்பளம் தேவையென்றால் தயங்காமல் சேருங்கள். லேபுக்குத் திரும்பும் எண்ணம் இருந்தால் மட்டும் நாட்களை எண்ணிக்கொண்டே இருங்கள், கைப்பழக்கம் விட்டுப்போகும். மருந்தின் பக்க விளைவுகளை ஆராயும் பார்மகோவிஜிலன்ஸ் நீங்கள் படித்ததற்கு இன்னும் நெருக்கம், ஆனால் பி.பார்ம். பட்டதாரிகளோடு போட்டி போட வேண்டும்.

வாசிப்பும் எழுத்தும் கைவந்தவர்கள் பேட்டன்ட் ஏஜென்ட் தேர்வைப் பாருங்கள். அறிவியல் பட்டமும் 21 வயதும் போதும், சட்டப் படிப்பு தேவையில்லை. சென்னை கிண்டியிலேயே காப்புரிமை அலுவலகம் இருக்கிறது.