கொத்தனாரைப் பாரிஸில் தேடாதீர்கள்

கேள்வி: என் கணவரின் முன்னோர் ஒருவர் 1840-களில் பிரான்சின் க்ரூஸ் பகுதியிலிருந்து பாரிஸுக்குக் கொத்தனார் வேலைக்குப் போனவராம். பாரிஸிலிருந்துதானே தேடலைத் தொடங்க வேண்டும்?

பதில்: வேண்டாம், கிராமத்திலிருந்தே தொடங்குங்கள். 1860-க்கு முந்தைய பாரிஸ் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளின் இரு பிரதிகளும் 1871 மே மாதத் தீயில் சாம்பலாகின; பிற்பாடு ஒரு பகுதியைத்தான் மீட்டு எழுத முடிந்தது. க்ரூஸ் கொத்தனார்களோ வசந்தத்தில் கிளம்பி, குளிர்காலத்தில் ஊர் திரும்புகிறவர்கள். கல்யாணமும் பெரும்பாலும் அப்போதுதான், அதுவும் பெண்ணின் ஊரில். ஆகவே பக்கத்துக் கிராமங்களையும் விடாமல் புரட்டுங்கள். 1792-க்குப் பிந்தைய திருமணப் பதிவில் மணமக்களின் வயது, தொழில், பெற்றோர் பெயர் எல்லாம் கிடைக்கும். அந்த ஒரு பக்கமே அடுத்த தலைமுறைக்கு வழி காட்டிவிடும்.

"பிரெஞ்சுப் புரட்சியில் பழைய பதிவேடுகளெல்லாம் அழிந்திருக்காதா?" என்று கேட்பீர்கள். 1792-இல் தேவாலயப் பதிவேடுகள் நகராட்சிகளின் கைக்கு மாறின, அவ்வளவுதான். 1667-லிருந்தே இரண்டு பிரதி எழுதும் விதி இருந்ததால், ஒன்று தொலைந்தாலும் மற்றது இருக்க வாய்ப்புண்டு. எழுதப் படிக்கத் தெரியாத குடியானவருக்கு ஏது ஆவணம் என்பதும் சரியல்ல. கையெழுத்துப் போடத் தெரியாதவர்களும் நோட்டரியிடம் போய்த் திருமண ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். சீதனமாக வந்த பெட்டி, படுக்கை விரிப்பு, ஆடுகள்கூட அதில் பதிவாகும். என்னைக் கேட்டால், வெறும் பெயர்ப் பட்டியலைவிட இதுவே பெரிய புதையல். க்ரூஸ் ஆவணக் காப்பகம் கெரே நகரில் இருக்கிறது. பதிவேடுகளை இணையத்திலேயே பார்க்கலாம். பையில் ஒரு குடியரசு நாட்காட்டி அட்டவணையும் இருக்கட்டும்: 1793 முதல் 1805 வரை மாதப் பெயர்களே வேறு.