மானாவாரி விதைப்புக்கு ஓர் எக்செல் ஷீட்

கோவில்பட்டிப் பக்கம் எங்களுக்குக் கரிசல் காடு உண்டு. ஒரு புரட்டாசியில் முதல் மழையை நம்பி உளுந்து விதைத்தோம். அடி ஈரம் போதாமல் பயிர் கருகியது. அதன் பிறகுதான் மழையை அளக்கத் தொடங்கினேன். நீங்களும் செய்து பார்க்கலாம்.

அடியும் வாயும் ஒரே அகலமுள்ள டப்பாவைத் திறந்தவெளியில் வையுங்கள். தினமும் காலை 8.30-க்கு ஸ்கேலால் அளந்து, நீரைக் கொட்டிவிடவும். 1 மி.மீ. மழை என்பது ஏக்கருக்குச் சுமார் 4,047 லிட்டர் தண்ணீர்!

எக்செல்லில் முதல் வரிசை தலைப்புக்கு. அதன் கீழே முதல் காலத்தில் தேதி, இரண்டாவதில் மி.மீ. அளவு டைப் செய்யவும். மூன்றாவது காலத்தின் 4-வது செல்லில் கர்சரை வைத்து ஆட்டோசம் கிளிக் செய்து, இரண்டாவது காலத்தின் 2 முதல் 4 வரையுள்ள செல்களைத் தேர்வு செய்து என்டர் தட்டவும். மூன்று நாள் மொத்த மழை கிடைக்கும். செல்லின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் மற்ற நாட்களுக்கும் வரும்.

உங்கள் மண்ணுக்கு எத்தனை மி.மீ. வேண்டும் என வேளாண் அலுவலரிடம் கேட்டு, அதைக் கன்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் கொடுங்கள். அந்த அளவு மழை சேர்ந்ததும் செல் பச்சையாக மாறும்.

மழை காட்டுக்குக் காடு மாறும். எனவே கம்ப்யூட்டர் தெரிந்த உள்ளூர் இளைஞர் பல காடுகளுக்கு இக்கணக்கைப் பராமரித்துக் கட்டணம் பெறலாம்.