ஓ.டி.பி-யைத் தானே கேட்டுக்கொள்ளலாம்: தன்னார்வலர்கள் தந்த திரைவாசிப்பான்

காரைக்குடி செக்காலை ரோட்டில் பார்வையற்ற ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உதவித்தொகை வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். மின்கட்டணம் கட்ட வேண்டும். பட்டா நகல் எடுக்க வேண்டும். எல்லாமே இப்போது போனிலும் கணினியிலும் கிடைக்கிறது. ஆனால் அவர் பக்கத்தில் இருப்பவரிடம் போனை நீட்டி, "தம்பி, ஓ.டி.பி வந்திருக்கான்னு பார்த்துச் சொல்லுப்பா" என்கிறார். பார்த்துச் சொல்பவர் நல்லவராகவே இருக்கலாம். இருந்தாலும் கணக்கில் எவ்வளவு இருக்கிறது, யாருக்கு அனுப்பினார், ரகசிய எண் என்ன என்பதெல்லாம் இன்னொருவருக்குத் தெரிந்துவிடுகிறது.

இந்த நிலையை மாற்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதன் பெரும்பகுதி வேலையைத் தன்னார்வலர்கள் செய்திருக்கிறார்கள். அது என்ன, எப்படிப் பயன்படுத்துவது, நாம் என்ன செய்யலாம்? தெரிஞ்சுக்கலாம் வாங்க.

திரைவாசிப்பான் என்றால் என்ன?

திரையில் உள்ள எழுத்தைக் குரலாக மாற்றிச் சொல்லும் மென்பொருள்தான் திரைவாசிப்பான், அதாவது ஸ்கிரீன் ரீடர். மவுஸ் தேவையில்லை, விசைப்பலகை போதும். தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் சொல்லும். கடவுச்சொல்லைத் தட்டும்போது மட்டும் எழுத்தைச் சொல்லாமல் நட்சத்திரக் குறி என்று சொல்லும். ஹெட்போன் மாட்டிக்கொண்டால், சொல்வது பயன்படுத்துபவர் காதுக்கு மட்டும்தான் கேட்கும்.

ஒரு காலத்தில் முன்னணித் திரைவாசிப்பான் ஒன்றை வாங்க, கணினியின் விலையைவிட அதிகம் கொடுக்க வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் 2006-இல் இதற்கு ஒரு மாற்றை எழுதத் தொடங்கினார். அவரும் பார்வையற்றவர். பார்வையற்ற சிறுவர்களுக்கான இசை முகாமில் அறிமுகமான நண்பர் ஜேம்ஸ் டே அவருடன் சேர்ந்தார். அப்படி உருவானதுதான் என்.வி.டி.ஏ. விண்டோஸ் கணினிகளில் இயங்கும் இந்த மென்பொருள் இன்று 50-க்கும் மேற்பட்ட மொழிகளில் கிடைக்கிறது. அவர்கள் தொடங்கிய என்.வி ஆக்சஸ் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு இதைப் பராமரிக்கிறது.

புள்ளி வரி மாதிரி ஒரு ஏற்பாடு

என்.வி.டி.ஏ ஓர் 'ஓப்பன் சோர்ஸ்' மென்பொருள். அதன் நிரல் முழுவதும் திறந்தே இருக்கும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம்.

நம்ம செட்டிநாட்டில் புள்ளி வரி தெரியும் அல்லவா? ஒவ்வொரு புள்ளியும் தன் பங்கைக் கொடுக்க, கோயில் எல்லோருக்கும் பொதுவாக நிற்கிறது. இங்கேயும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனால் கட்டாயம் இல்லை; பங்கு பணமாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஒருவர் பிழை திருத்துகிறார், ஒருவர் மொழிபெயர்க்கிறார், ஒருவர் சோதித்துப் பார்த்துக் குறை சொல்கிறார், ஒருவர் நன்கொடை தருகிறார்.

தமிழ் பேச வைத்தது எப்படி?

என்.வி.டி.ஏ-வோடு சேர்ந்தே வரும் குரல் மென்பொருளின் பெயர் இ-ஸ்பீக் என்.ஜி. பிரிட்டனைச் சேர்ந்த ஜோனதன் டடிங்டன் தொடங்கிய இ-ஸ்பீக் திட்டத்தை, 2015 முதல் இந்தப் பெயரில் பங்களிப்பாளர்கள் தொடர்கிறார்கள். இது தமிழும் பேசும்.

தமிழைப் பேச வைப்பது லேசான வேலை இல்லை. 'க' என்ற ஒரே எழுத்து 'கடல்', 'தங்கம்', 'மகன்' மூன்றிலும் வேறு வேறாக ஒலிக்கிறது. நாம் யோசிக்காமல் சொல்லிவிடுவோம். கணினிக்கு ஒவ்வொன்றையும் விதியாக எழுதித் தர வேண்டும். 1,500 என்றால் 'ஆயிரத்து ஐந்நூறு' என்று சேர்த்துச் சொல்லவும் விதி வேண்டும். குரல் கொஞ்சம் இயந்திரம் மாதிரிதான் இருக்கும். ஆனால் அளவு சிறியது, இணையம் இல்லாமலே வேலை செய்யும், வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

என்.வி.டி.ஏ-வின் பட்டியல்களையும் பயனர் கையேட்டையும் தன்னார்வலர்கள் தமிழாக்கியிருக்கிறார்கள். பிரெய்ல் படிப்பவர்களுக்கும் வசதி உண்டு. 'லிப்லூயி' என்ற இன்னொரு ஓப்பன் சோர்ஸ் மென்பொருள், தமிழ் எழுத்தை ஆறு புள்ளி பிரெய்லாக மாற்றித் தருகிறது.

எப்படித் தொடங்குவது?

1. என்.வி ஆக்சஸ் இணையதளத்தில் என்.வி.டி.ஏ-வை இலவசமாகப் பதிவிறக்குங்கள்.

2. கணினியில் நிறுவலாம். அல்லது பென் டிரைவில் ஒரு நகல் உருவாக்கி, வேறு கணினியிலும் பயன்படுத்தலாம்.

3. நிறுவிய பிறகு, கன்ட்ரோல், ஆல்ட், 'என்' மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பேசத் தொடங்கும். கன்ட்ரோலை மட்டும் தட்டினால் பேச்சு நிற்கும்.

4. இன்சர்ட் விசையோடு 'என்' அழுத்தினால் பட்டியல் வரும். அமைப்புகளில் பேச்சுப் பகுதிக்குப் போய் இ-ஸ்பீக் என்.ஜி-யையும், குரலாகத் தமிழையும் தேர்ந்தெடுங்கள்.

5. இணையப் பக்கத்தில் 'எச்' அடுத்த தலைப்புக்கும், 'கே' அடுத்த இணைப்புக்கும், 'எஃப்' அடுத்த படிவக் கட்டத்துக்கும், 'பி' அடுத்த பட்டனுக்கும் கொண்டுபோகும்.

ஆண்ட்ராய்டு போனில் கூகுளின் டாக்பேக் இதே வேலையைச் செய்கிறது. இதன் நிரலும் வெளிப்படையாக வெளியிடப்பட்டிருக்கிறது. அமைப்புகளில் அணுகல்தன்மை பகுதியில் தேடிப் பாருங்கள். ஒரு கவனம்: இதை ஆன் செய்ததும் போன் இயங்கும் விதமே மாறும். ஒருமுறை தொட்டால் பெயரைச் சொல்லும். இருமுறை தட்டினால்தான் திறக்கும். பழகும் வரை வீட்டில் ஒருவர் கூட இருந்து சொல்லிக் கொடுங்கள்.

மென்பொருள் மட்டும் போதுமா?

போதாது. திரைவாசிப்பான் எழுத்தைத்தான் படிக்கும். காகிதத்தை அப்படியே ஸ்கேன் செய்த பி.டி.எஃப், அதற்கு வெறும் படம். பழைய எழுத்துருவில் தட்டிய தமிழை அது புரியாத குறியீடுகளாக வாசிக்கும். ஒருங்குறி எனும் யுனிகோடில் தட்டினால்தான் சரியாகப் படிக்கும். தமிழ்நாடு அரசு 2010 ஜூனிலேயே யுனிகோடை ஏற்றுக்கொண்டது.

இது சலுகை இல்லை, உரிமை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், தகவல்களை அணுகக்கூடிய வடிவில் தர வேண்டும் என்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்தது. கேமரா முன் கண் சிமிட்டச் சொல்லும் இ-கே.ஒய்.சி சரிபார்ப்பை முடிக்க முடியாமல் தவித்தவர்கள் தொடுத்த வழக்கு அது.

நீங்களும் பங்கெடுக்கலாம்

நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. கையில் போன் இருந்தால் போதும்.

* கொப்புடையம்மன் கோயில் திருவிழா அழைப்பிதழை வாட்ஸ்அப் குழுவில் படமாகப் போடுகிறீர்களா? கீழே தேதி, நேரம், இடத்தைத் தமிழில் தட்டிவிடுங்கள். இல்லையென்றால் பார்வையற்ற உறவினருக்கு அது 'படம்' என்று மட்டும்தான் கேட்கும்.

* மொசில்லாவின் 'காமன் வாய்ஸ்' தளத்தில் தமிழ் வாக்கியங்களை வாசித்துக் குரல் கொடுக்கலாம். மற்றவர் வாசித்ததைக் கேட்டுச் சரிபார்க்கலாம். இந்தக் குரல் தொகுப்பைக் கொண்டு, பேச்சைப் புரிந்துகொள்ளும் தமிழ் மென்பொருளை யாரும் உருவாக்கலாம். கையால் தட்டச்சு செய்ய முடியாதவர்களுக்கு அது பெரிய உதவி.

* ஆங்கிலமும் தமிழும் நன்றாகத் தெரிந்த கல்லூரி மாணவர்கள் மொழிபெயர்ப்பில் சேரலாம்.

* ஏதாவது ஒரு இணையதளத்தையோ செயலியையோ திரைவாசிப்பான் படிக்கவில்லை என்றால், எந்தப் பக்கம், எந்தப் பட்டன் என்று குறிப்பிட்டு அந்தத் துறைக்கோ நிறுவனத்துக்கோ எழுதுங்கள். சொன்னால்தான் திருத்த முடியும்.

தகுதியுள்ள பார்வைக் குறைபாடு உடையோருக்குச் செயலியுடன் கூடிய திறன்பேசி வழங்கும் திட்டமும் தமிழ்நாடு அரசிடம் உண்டு. விவரங்களைச் சிவகங்கையில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டறியலாம். உங்கள் தெருவில் பார்வைக் குறைபாடு உள்ள ஒருவர் இருந்தால், அடுத்த முறை அவருக்கு ஓ.டி.பி-யைப் படித்துச் சொல்வதோடு நிறுத்திவிடாதீர்கள். அதைத் தானே கேட்கும் வழியையும் அரை மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள்.