மண்சாடியில் வைத்த காணி உறுதி

எரேமியா நூலின் 32ஆம் அதிகாரத்தைப் பூசையில் வாசிக்கக் கேட்டிருப்போம். கேட்டு மறந்தும் இருப்போம். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு உரும்பிராயிலிருந்து நாவற்குழிப் பக்கம் நடந்த பின்னர்தான் அது நமக்கு விளங்கத் தொடங்கியது. விதைவெங்காயத்தையும் மாட்டையும் விட்டுவந்தவர்கள்கூடக் காணி உறுதியை மடியில் கட்டி வந்தார்கள்.

எரேமியாவின் கதை நடந்தது கி.மு. 587 அளவில். பாபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்டிருந்தது. எரேமியா காவலில் இருந்தார். ஒன்றுவிட்ட சகோதரன் அனமேல் அவரிடம் வந்து, அனத்தோத்திலுள்ள தன் காணியை வாங்கும்படி கேட்டான். அனத்தோத்து ஏறக்குறைய 5 கிலோமீற்றர்தான். ஆனால் மதிலுக்கு வெளியே, படை நிற்கும் பக்கம். போய்ப் பார்க்கவும் முடியாத காணி! அதற்கு 17 செக்கேல், அதாவது 200 கிராமுக்குச் சற்றுக் குறைந்த வெள்ளியை, நிறுத்துக் கொடுத்தார்.

ஏன் அவரிடம் வந்தான்? குடும்பக் காணி பிறத்தியாரிடம் போகாமல் மீட்கும் உரிமை நெருங்கிய உறவினருக்கு இருந்தது. நமக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், தொகுக்கப்பட்ட நமது தேசவழமையும் காணி வாங்கும் முதலுரிமையை உரித்தாளருக்கும் பங்காளருக்கும் தருகிறது.

சாட்சிகள் ஒப்பமிட்டார்கள். முத்திரையிட்ட பிரதி ஒன்று, திறந்த பிரதி ஒன்று. இரண்டும் மண்சாடிக்குள் போயின. ஏன் இரண்டு? இதற்கு 1961இல் சாக்கடலோரக் குகையொன்றில் அகப்பட்ட பத்திரங்கள் உதவுகின்றன. அவை பாபத்தா என்ற யூதப் பெண்ணுடையவை, கி.பி. 94 முதல் 132 வரையான 35 பத்திரங்கள். பலவற்றில் ஒரே வாசகம் இருமுறை எழுதப்பட்டுள்ளது. மேற்பகுதி சுருட்டிக் கட்டப்பட்டிருக்கும், கீழ்ப்பகுதி வாசிப்பதற்கு. பிணக்கு வந்தால் கட்டை அவிழ்த்து ஒப்பிடுவார்கள்.

பாபத்தாவும் நம்மைப்போலத் தோட்டக்காரிதான். சாக்கடலின் தெற்கே பேரீச்சந் தோட்டங்கள் வைத்திருந்தாள். உரோமருக்கெதிரான கிளர்ச்சிக் காலத்தில் பத்திரங்களைத் தோற்பையில் கட்டிக் குகையில் ஒளித்தாள். அவற்றை எடுக்க அவள் திரும்பவில்லை.

நமது முறையிலும் நொத்தாரிசு எழுதும் உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகிறது. உறுதியைத் தொலைத்தவர்கள் நொத்தாரிசின் பெயர், உறுதி இலக்கம், திகதி ஆகியவற்றுடன் அங்கே விசாரிக்கலாம். இலக்கம் நினைவில் இல்லையென்றால், காணியின் பெயரையும் நாலு எல்லைகளையும் வீட்டிலுள்ள முதியவர்களிடம் கேட்டு இன்றைக்கே எழுதி வையுங்கள்.