நிரல் தெரியாதவருக்கும் லினக்ஸில் வேலை உண்டு

கேள்வி: பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு ஓட்டுகிறேன். படிப்பது பி.காம்., நிரல் எழுத வராது. இந்த இயங்குதளத்துக்கு என்னால் ஆனதைச் செய்ய ஆசை. விளக்கக் குறிப்பு எழுதும் வேலைக்குப் புதியவர்களைச் சேர்த்துக்கொள்வார்களா?
— கல்லூரி மாணவி, தாராவி

பதில்: சேர்த்துக்கொள்வார்கள். புதியவர்களைத் தேடிப் பிடிக்கிற இடம்கூட மும்பையிலேயே இருக்கிறது. பவாயில் உள்ள ஐ.ஐ.டி. பம்பாயில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தொடங்கி வளர்த்த ‘ஸ்போக்கன் டுடோரியல்’ திட்டம், லினக்ஸ், லிப்ரெ ஆபீஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களைச் சுமார் 10 நிமிடப் பாடங்களாகக் கற்பிக்கிறது. ஒவ்வொரு பாடத்துக்கும் முதலில் எழுத்துவடிவம் தயாராகும். ஒரு பத்தியில் திரையில் தெரிவது, பக்கத்துப் பத்தியில் அதற்கான பேச்சு. துறை அறிந்தவர் அதைச் சரிபார்ப்பார். அதோடு விட்டுவிடுவதில்லை. பதிவுக்குப் போகும் முன், அந்த மென்பொருளில் அனுபவமே இல்லாத ஒருவரும் அதைப் படித்துப் பார்க்க வேண்டும். அவருக்குப் புரியாத வரி திருத்தப்படும்.

இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் இருக்கிறது. பல வருடம் லினக்ஸில் பழகியவர், ‘டெர்மினலில் இந்தக் கட்டளையை அடிக்கவும்’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விடுவார். டெர்மினல் எந்த மெனுவில் இருக்கிறது என்று புதியவருக்குத் தெரியாது. அங்கே கடவுச்சொல் அடிக்கும்போது பெரும்பாலும் திரையில் ஒரு புள்ளிகூட விழாது. கீபோர்டு வேலை செய்யவில்லை என்று நினைத்து அவர் விட்டுவிடுவார். எழுதியவரின் கண்ணுக்கு இந்த இடைவெளி தெரியாது. நேற்றுதான் அங்கே தடுமாறிய தாராவி மாணவிக்குத் தெரியும். அந்தத் தடுமாற்றம் மறக்கும் முன் குறித்துவைப்பதுதான் புதியவர் தரக்கூடிய அருமையான பங்களிப்பு.

ஆகவே தொடக்கம் எழுதுவதில் இல்லை, செய்துபார்ப்பதில் இருக்கிறது. தன் கணினியில் உள்ள இயங்குதளத்தின் நிறுவல் கையேட்டையோ ஒரு விக்கிப் பக்கத்தையோ எடுத்து, சொன்னபடியே அடி மாறாமல் செய்துபார்க்கலாம். லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனின் 12-ஆம் பதிப்பு 2023 ஜூனில் வந்தது, 13-ஆம் பதிப்பு 2025 ஆகஸ்டில். இன்னொரு வகையான உபுண்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பதிப்பு விடுகிறது. இந்த வேகத்துக்குக் கையேடுகளால் ஈடுகொடுக்க முடிவதில்லை. பக்கத்தில் ஒரு பெயர், திரையில் வேறு பெயர் என்றால் அதுவே புகாருக்குப் போதும். எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம், எந்த வரி, என்ன வரும் என்று எதிர்பார்த்தது, என்ன வந்தது: இவ்வளவும் இருந்தால் பராமரிப்பவர் திருத்திவிடுவார். பிறகு எழுத்துப்பிழை, செத்துப்போன இணைப்பு, விடுபட்ட ஒரு வரி என்று தானே திருத்தி அனுப்பலாம். ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறொரு கட்டற்ற இயங்குதளத்தின் திட்டம், ஆவணப் பணிக்கு வரும் புதியவர்களுக்கென்றே ஒரு வழிகாட்டி நூல் வைத்திருக்கிறது. மற்ற இயங்குதளக்காரர்களும் படிக்கத்தக்கது.

இதை எடுபிடி வேலை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மைக்கேல் கெரிஸ்க் 2004 முதல் பல ஆண்டுகள் லினக்ஸின் ‘மேன்’ என்ற கையேட்டுப் பக்கங்களைப் பராமரித்தவர். ஒரு வசதியை விளக்கி எழுதுவதற்காக அதைச் சோதித்துப் பார்க்கும்போதே, லினக்ஸின் மையமான கெர்னலில் இருந்த பிழைகள் அவர் கையில் சிக்கின.

கேள்வி: ஆங்கிலம் சுமார்தான். தமிழில் செய்ய ஏதாவது இருக்கிறதா?
— வாசகர், செம்பூர்

பதில்: நிறையவே இருக்கிறது. ஸ்போக்கன் டுடோரியல் பாடங்களுக்குத் தமிழ்க் குரல் சேர்க்கிறார்கள். டெபியனை நிறுவும்போதே தமிழைத் தேர்ந்தெடுக்கலாம்; அங்கே தெரியும் தமிழ் வரிகள் தன்னார்வலர்கள் பெயர்த்தவை. 2012-இல் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழ் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதுபவர்களை வரவேற்கிறது. து. நித்யாவின் ‘எளிய தமிழில்’ வரிசை நூல்கள் அந்த வட்டத்தில் பிறந்தவை.

இரண்டு எச்சரிக்கைகள். கட்டளையையும் கோப்பின் பெயரையும் ஒருபோதும் தமிழாக்கக் கூடாது. அவை ஒரு எழுத்து மாறாமல் இருக்க வேண்டும். வேர்டு போன்ற செயலியில் தட்டினால் அது நேர் மேற்கோளை வளைத்துவிடும், இரட்டைச் சிறுகோட்டை ஒற்றை நீளக்கோடாக்கிவிடும். அதை நகலெடுத்து ஒட்டுபவருக்குக் கட்டளை ஓடாது, ஏன் என்றும் விளங்காது. சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரே இதற்குச் சரி. அடுத்தது, இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே கொண்டுபோய்க் கொட்டக் கூடாது. அதைச் சரிபார்த்துத் துப்புரவு செய்யும் சுமை, ஏற்கெனவே நேரமில்லாத நாலைந்து பேர் தலையில் விழும். சரியாகப் பெயர்த்த ஒரு பக்கம் போதும்.

கேள்வி: திருத்தம் அனுப்பி மூன்று வாரமாகிறது. பதில் இல்லை. விட்டுவிடலாமா?
— பொறியியல் மாணவர், மாட்டுங்கா

பதில்: வேண்டாம். பராமரிப்பவர்களில் பலர் வேலை முடிந்து வந்து இரவில் உட்கார்ந்து பார்ப்பவர்கள். மூன்று வாரம் அவர்களுக்குப் பெரிதல்ல. மரியாதையாக ஒருமுறை நினைவூட்டலாம். அதற்குள் அனுப்பியதை ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. எழுத்துப்பிழை, பத்தி மாற்றம், புதுப் பகுதி எல்லாம் ஒரே திருத்தத்தில் கலந்திருந்தால் எடுத்துப் பார்க்கவே ஆள் தயங்குவார். எழுத்துப்பிழையைத் தனியாகப் பிரித்து அனுப்பினால், அது முதலில் ஏற்கப்பட வாய்ப்பு அதிகம்.