தோல் தையலில் நூல் அறுவது ஏன்?

துணி தைக்கும்போது தையல் கோணலாகிவிட்டால் பிரித்துவிட்டு மறுபடியும் தைக்கலாம். ஊசி சென்ற தடம் ஒரு துவைப்பில் மறைந்து போகும். தோலின் சமாசாரம் வேறு. ஊசி ஒருமுறை இட்ட துவாரம் அந்தத் தோல் உள்ளளவும் நிற்கும். பாதித் தையலில் நூல் அறுந்து, பழைய துவாரங்களுக்குப் பக்கத்திலேயே மறுபடியும் ஊசி இறங்குமானால், தபால் தலைகளைக் கிழித்தெடுப்பதற்காக வரிசையாகத் துளையிட்டிருப்பார்களே, அதுபோல் ஆகிவிடும். பிறகு இழுத்த இழுப்பில் அவ்விடமே கிழியும். ஆகவே தோல் தையலில் நூல் அறுவது நேர நஷ்டம் மாத்திரமன்று, சரக்கு நஷ்டமுமாகும்.

தங்கா பத்து, சுங்கை ஊடாங், தஞ்சோங் கிளிங் பக்கங்களில் கடை வைத்திருக்கும் நம்மவரிடம் வரக்கூடிய தோல் வேலை என்ன? மோட்டார் சைக்கிள் ஆசனம், பை, இடைவார், செருப்புப் பழுது, தெரண்டாக் ராணுவ முகாம் பக்கத்திலிருப்பதால் பூட்ஸ் பழுது, நோன்புப் பெருநாள் நெருங்கினால் மலாய்ச் சகோதரர்கள் அணியும் சப்பால் காலணி. பெருநாளுக்கு வேண்டிய சாமானைப் பெருநாள் கழிந்து கொடுப்பதில் பயனில்லை. அந்த அவசரத்தில் நூல் நாலு முறை அறுந்தால் முதலாளி சிப்பந்தியைக் கோபிக்கிறார். சிப்பந்தி மிஷினைக் கோபிக்கிறார். உண்மையில் குற்றம் பல சமயங்களில் இருவரிடமுமில்லை. நூலும் ஊசியும் வாங்கிய இடத்திலேயே அது தொடங்கிவிடுகிறது. வாங்குகிறவர் முதலாளியாகையால், தைக்கத் தெரியாதவரும் இதை அறிந்திருப்பது அவசியம்.

நூல் அறுந்தவுடன் எல்லாரும் செய்வது ஒன்றுண்டு. டென்ஷன் திருகைப் பிடித்துத் தளர்த்துவார்கள். தளர்த்தினால் நூல் அறுவது சற்று நிற்கும். ஆனால் அடிப்பக்கத்தில் நூல் சுருள்சுருளாகத் தொங்கும். அதைப் பார்த்து மறுபடி இறுக்குவார்கள். இவ்விதம் ஒரு மணி நேரம் போகும். டென்ஷன் திருகு கடைசியில் தொடவேண்டியது. முதலில் செய்யவேண்டியது, அறுந்த நூலின் நுனியை வெளிச்சத்தில், கூடுமானால் பூதக்கண்ணாடி வைத்து, பார்ப்பது. எங்கே கோளாறு என்பதை அந்த நுனியே அநேகமாகக் காட்டிவிடும்.

நுனி பஞ்சுபோல் பிரிந்து மயிர்மயிராக இருந்தால் நூல் எங்கேயோ உராய்ந்து தேய்ந்திருக்கிறது. ஊசிக் கண் நூலுக்குச் சிறியதாயிருக்கலாம். கண்ணின் ஓரத்திலோ, கொக்கியிலோ, ஊசித் தட்டின் துவாரத்திலோ பிசிறு இருக்கலாம். கத்தியால் நறுக்கினாற்போல் இருந்தால் கூரான ஓரம் ஒன்று வெட்டியிருக்கிறது. தோல் ஊசியின் முனை வெட்டும் முனை என்பதை மறக்கலாகாது. முடிச்சிடுவதற்காகப் பின்னோக்கித் தைக்கும்போது அதே முனை ஏற்கெனவே தைத்த நூலையும் வெட்டிவிடும். நுனி உருகிக் கடுகளவு மணியாகக் கெட்டித்திருந்தால் அது உஷ்ணத்தின் வேலை. நுனி மெலிந்து சுருண்டிருந்தால் அளவுக்கு மீறிய இழுப்பு. அப்போதும் உடனே டென்ஷனைத் தொடவேண்டாம். நூற்கண்டு சாய்ந்து கிடக்கிறதா, நூல் தாங்கியின் கம்பியில் ஒருமுறை அதிகமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பாதத்தைத் தூக்கி நூலைக் கையால் இழுத்தால் தாராளமாக வரவேண்டும். பாதத்தை இறக்கியபின் இழுத்தால் பிடிப்பு இருக்கவேண்டும். தூக்கியபோதும் கனமாக வந்தால், கண்டிலிருந்து ஊசிவரை ஒவ்வோர் இடமாக நூலைக் கழற்றி இழுத்துப் பார்த்தால் பிடிக்கும் இடம் அகப்பட்டுவிடும்.

ஊசிக்கும் நூலுக்கும் உள்ள பொருத்தமே இதில் முக்கியம். தோல் தைக்கும் நைலான், பாலியெஸ்டர் நூல்கள் 69, 92, 138, 207, 277 என்று நம்பர் ஏறஏறப் பருமன் கூடும். 69க்கு 18ஆம் நம்பர் ஊசி, 92க்கு 20, 138க்கு 22 அல்லது 23, 207க்கு 24, 277க்கு 25 என்பது பொதுவான கணக்கு. கெட்டித் தோலானால் ஒரு நம்பர் பெரிய ஊசி போடலாம். ஊசி இடும் துவாரம், மேல் நூலும் கீழ் நூலும் பின்னும் முடிச்சை உள்ளே இழுத்து மறைக்கப் போதுமானதாக இருக்கவேண்டும். 138 நூலை 18ஆம் நம்பர் ஊசியில் வலுவில் கோத்துவிட்டு, “நூல் சரக்கு மட்டம்” என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவது நியாயமாகாது.

செருப்புப் பழுது பார்ப்போரிடம் சிங்கர் 29கே வகை மிஷின் இன்றும் உண்டு. பாதம் எந்தத் திசையிலும் திரும்பித் தைக்கும் அபூர்வமான மிஷின். ஸ்காட்லாந்தின் கிளைட்பாங்க் நகரில் அதைச் செய்த ஆலை 1980இல் மூடப்பட்டாலும், மிஷின்கள் ஓடிக்கொண்டுதானிருக்கின்றன. பார்வைக்கு முரட்டு இரும்பாக இருப்பதால் எந்தக் கனத்த நூலையும் தாங்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். அது ஒட்டுப் போடுவதற்கான மிஷின். 69, மிஞ்சினால் 92 நூல்தான் அதற்கு ஒத்துவரும். சேணம், தடித்த வார் தைக்கவேண்டுமானால் ஜூக்கி 441 போன்ற பெரிய மிஷின்தான் வேண்டும். மாட்டு வண்டியில் லாரிச் சுமை ஏற்றிவிட்டு மாட்டை அடிப்பதில் என்ன பயன்?

கடலோரத்தில் தொழில் செய்வோருக்கு இன்னொரு தொல்லை, துரு. உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து, ஓடாமல் நிற்கும் மிஷினின் ஊசியைச் சில நாட்களிலேயே கெடுத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத துருப்புள்ளி ஊசிக் கண்ணில் இருந்தால் போதும், நூல் பஞ்சாகிவிடும். பட்டையால் பதனிட்ட தோலில் இதற்கு மேலும் ஒரு கேடுண்டு. தமிழ்நாட்டில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிடுவது பழைய வழக்கம். அவற்றிலுள்ள துவர்ப்புச் சத்து இரும்போடும் ஈரத்தோடும் சேர்ந்தால் கறுத்துவிடும். கடுக்காய்த் தண்ணீரில் அன்னபேதி கலந்து நம் முன்னோர் மை காய்ச்சியதும் இந்த முறையில்தான். துருவேறிய ஊசியால் ஈரப்பதமுள்ள அத்தகைய தோலைத் தைத்தால் துவாரத்தைச் சுற்றிக் கரும்புள்ளி விழும். எதைக்கொண்டு துடைத்தாலும் எளிதில் போகாது. ஆகையால் இராக் கடை அடைக்குமுன் ஊசியைக் கழற்றி எண்ணெய்த் துணியில் சுற்றி வைப்பது நல்லது. மறுநாள் எண்ணெயைத் துடைத்தே மாட்டவேண்டும். மாட்டும்போது ஊசியின் நீண்ட பள்ளம் நூல் நுழையும் பக்கமும், கண்ணுக்கு மேலுள்ள குடைவு கொக்கியின் பக்கமும் இருக்கவேண்டும். சிறிது திரும்பி நின்றாலும் நூல் அறும்.

நூல் வாங்கும்போது முறுக்கைப் பார்த்து வாங்குங்கள். சாதாரண மிஷின்களுக்கு இடமுறுக்கு நூல் வேண்டும். இரு கைகளாலும் நூலைப் பிடித்து, வலக்கைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் நூலைத் தம் பக்கமாக உருட்டினால் இடமுறுக்கு இறுகும், வலமுறுக்கு பிரியும். பிரியும் நூல் ஊசிக்கு மேலே கூடைபோல் உப்பி அறுந்துவிடும். வெயிலில் கிடக்கும் மோட்டார் சைக்கிள் ஆசனத்துக்கு நைலானைவிடப் பாலியெஸ்டர் மேல். சூரிய வெளிச்சத்தை அது அதிகம் தாங்கும். ஈரத்தை உறிஞ்சுவதிலும் வித்தியாசமுண்டு: நைலான் தன் எடையில் சுமார் 4 சதவிகிதம் உறிஞ்சும், பாலியெஸ்டர் அரை சதவிகிதங்கூட இல்லை. கண்ணாடிப் பெட்டியில் வெயில்படும்படி நூற்கண்டுகளை அடுக்கி அழகு பார்ப்பது நம் கடைகளில் உள்ள வழக்கம். வாடிக்கைக்காரருக்குக் காட்டச் சரி; தைப்பதற்குரிய நூலை இருட்டுப் பெட்டியில் வைக்கவேண்டும்.

உஷ்ணத்தால் நூல் உருகினால் வேகத்தைக் குறையுங்கள். இவ்வகை நூல்கள் 220 முதல் 260 டிகிரி செண்டிகிரேடுக்குள் உருகிவிடும். தடித்த தோலில் வேகமாக ஏறியிறங்கும் ஊசி நன்றாகச் சூடேறும். பழைய கிளச் மோட்டாரை மெதுவாக ஓட்டக் கால் பழக்கம் வேண்டும். சர்வோ மோட்டார் மாட்டினால் அந்தச் சிரமம் தீரும். தோலை ஒட்டிய பசை காயுமுன் தைத்தால் ஊசியில் பசை ஏறி நூலைப் பிடிக்கும். நூலுக்குச் சிறிது சிலிக்கோன் எண்ணெய் காட்டுவது இரண்டுக்கும் உதவும்.

ஊசியோடு சேர்ந்து தோல் மேலே எழும்புகிறதா என்றும் கவனியுங்கள். எழும்பினால் பாதத்தின் அழுத்தம் போதாது. நூல் வளையம் ஒழுங்காக விழாமல் தையல் தாவும், நூலும் அறும். புது ஊசி, சரியான நூல், போதிய அழுத்தம் எல்லாம் இருந்தும் தையல் தாவினால் கொக்கியின் நேரம் தவறியிருக்கிறது. ஊசி அடிவரை இறங்கிச் சற்று மேலெழும் தருணத்தில் கொக்கி முனை கண்ணுக்குக் கொஞ்சம் மேலே வந்து வளையத்தைப் பிடிக்கவேண்டும். அதைத் திருத்துவது மெக்கானிக்கின் வேலை. திருகுகளைக் கண்டபடி கழற்றி வைத்துவிட்டு அவரை அழைத்தால் கூலி இரட்டிப்பாகும். ஊசித் தட்டில் உள்ள பிசிறை மட்டும் மெல்லிய உப்புத்தாளைத் திரியாகச் சுருட்டி நாமே தேய்த்துவிடலாம்.

இவ்வளவும் பார்த்தபின் டென்ஷனுக்கு வரலாம். கீழ் நூலை முதலில் சரிசெய்து, பிறகு மேல் நூலை, முடிச்சு தோலின் கனத்தில் நடுவே மறையும்வரை, கால் திருப்பு கால் திருப்பாக மாற்றுங்கள். சோதனையை அதே தோலின் வெட்டுத் துண்டில், அதே எத்தனை மடிப்போ அத்தனை மடிப்பு வைத்துச் செய்யவேண்டும். முதல் மூன்று நான்கு தையல் விழும்வரை இரு நூல் நுனிகளையும் கையால் பிடித்துக்கொள்ளச் சிப்பந்தியிடம் சொல்லுங்கள். தொடக்கத்திலேயே நூல் உள்ளே சிக்கி அறுவது அதனால் நின்றுவிடும்.