ஆப்தல் சீட்டும் ஒரு வேலி நிலமும்

போன வாரம் ஒரத்தநாட்டில் என் கிளினிக்குக்கு ஒருவர் மகளோடு வந்தார். கண்ணைக் காட்ட அல்ல, யோசனை கேட்க. பெண் எம்.பி.பி.எஸ். முடித்து ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறாள். "கண் மருத்துவத்துல, அதான் ஆப்தல்ல, நைட் டியூட்டி கம்மி, பொம்பளப் பிள்ளைக்கு நல்லதுன்னு சொல்றாங்க டாக்டர். ஒரு வேலி நிலத்தைக் கொடுத்தா மேனேஜ்மென்ட் கோட்டாவுல சீட் ஆயிடும்" என்றார். பெண் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வருடம் இப்படி வந்த மூன்றாவது குடும்பம் இது. அதனால்தான் எழுதுகிறேன்.

நீட் பி.ஜி.யில் நல்ல ரேங்க் எடுத்து அரசுக் கல்லூரியில் எம்.எஸ். கிடைத்தால் யோசிக்காமல் சேருங்கள். எழும்பூர் கண் மருத்துவமனை 1819-இல் தொடங்கியது. அங்கே இடம் கிடைத்தவருக்கு என் யோசனை எதற்கு? ஜிப்மர், எய்ம்ஸ் வேண்டுமென்றால் ஆண்டுக்கு இருமுறை நடக்கும் ஐ.என்.ஐ. செட் தேர்வை எழுதுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருப்பவர்கள் அரசுப் பணியாளர் ஒதுக்கீட்டை மறந்துவிடாதீர்கள்.

ஆசை ஆப்தலில் இருக்கிறது என்பதற்காகக் கண் புத்தகத்தையே கட்டிக்கொண்டு அழவும் வேண்டாம். நீட் பி.ஜி.யின் 200 கேள்விகளில் கண்ணுக்குப் பத்துக்குப் பக்கமாகத்தான் வரும். மெடிசின், சர்ஜரி, மகப்பேறு இவைதான் ரேங்கைத் தூக்குகிறவை. சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தப்பானால் ஒன்று போய்விடும். குருட்டாம்போக்கில் குறிக்காதீர்கள்.

இனி அந்த ஒரு வேலிக்கு வருகிறேன். வேலி என்றால் இருபது மா. மூன்று தலைமுறை உழுத நிலமாக இருக்கும். அதை விற்று வாங்கும் சீட்டில் என்ன கிடைக்கிறது? எல்லாத் தனியார் கல்லூரியும் மோசமில்லை. ஆனால் சில இடங்களில் ஓ.பி. காற்றாடும். வருகிற நாலு புரை அறுவையையும் பேராசிரியர்களே செய்துவிடுவார்கள். பி.ஜி. பக்கத்தில் நின்று சொட்டு நீர் விட்டு, கேஸ் ஷீட் எழுதி மூன்று வருடத்தை ஓட்டுவார். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி அப்படி முடித்துவிட்டு வந்து, பேகோ என்ற புரை அறுவை முறையைக் கற்க மறுபடியும் பணம் கட்டினான். பட்டம் சுவரில் தொங்கியது, கை நடுங்கியது. நிலமோ திரும்பி வரவில்லை.

பணம் கட்டுமுன் கல்லூரி அலுவலகத்தில் கேட்காதீர்கள். கடைசி வருட பி.ஜி.யைத் தனியே பிடித்து, "முதல் வெட்டிலிருந்து லென்ஸ் வைக்கிறவரை நீங்களே செய்த புரை எத்தனை?" என்று கேளுங்கள். ஆட்டுக் கண்ணில் தையல் பழக இடம் இருக்கிறதா என்று பாருங்கள். திங்கள்கிழமை காலை ஓ.பி.யில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். பி.ஜி. செய்த அறுவைகளைக் குறித்துவைக்கும் லாக் புக்கைப் புரட்டுங்கள். நம்மூர் முத்தாம்பாள் சத்திரத்தைக் கட்டிய சரபோஜி மன்னர் கண் நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்து, கண்ணின் படங்களோடு குறிப்பும் எழுதி வைத்தவர். ராஜா எழுதிய கணக்கை ஒரு பி.ஜி. எழுதக்கூடாதா?

எம்.எஸ்.ஸுக்கு மாற்றாக மருத்துவமனைகளில் படிக்கும் டி.என்.பி. பட்டத்தை ஏன் இரண்டாந்தரமாகப் பார்க்கிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. 1976-இல் பதினொரு படுக்கையோடு மதுரையில் தொடங்கிய அரவிந்தும், 1978-இல் சென்னையில் வந்த சங்கர நேத்ராலயாவும் டி.என்.பி. மாணவர்களை வளர்த்தவைதான். கூட்டம் உள்ள இடத்தில்தான் கை பழகும். தேர்வு கடினம், அதையும் சொல்லிவிடுகிறேன். நான் டி.ஓ. என்ற இரண்டு வருடக் கண் மருத்துவ டிப்ளமோ முடித்துப் பிறகு டி.என்.பி. எழுதியவன். தியரியில் ஒருமுறை தோற்றும் இருக்கிறேன். ஒருதலையாகப் பேசுகிறேன் என்றால் ஒப்புக்கொள்கிறேன்.

எந்த வழியானாலும் முதலில் உங்களையே சோதியுங்கள். மைக்ராஸ்கோப்பின் கீழே இரண்டு கை, இரண்டு கால் பெடல்கள், எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும். இரு கண்ணும் சேர்ந்து ஆழத்தை உணர வேண்டும். அதைவிடப் பெரியது பொறுமை. சம்பா அறுவடை முடியட்டும் என்று கண்ணைக் காட்டுவதைத் தள்ளிப்போட்ட பாட்டிகள் அறுவடைக்குப் பிறகு மொத்தமாக வருவார்கள். நாற்பதாவது பாட்டியிடமும் முதல் பாட்டியிடம் பேசியதுபோலவே பேச முடிய வேண்டும். பதற்றக்காரருக்கு இந்தத் துறை ஒத்துவராது. ரேங்க் ஒரு வருடம் தள்ளிப்போனால் உலகம் முடிந்துவிடாது, விருப்பமில்லாத துறையில் முப்பது வருடம் உட்காருவதுதான் கொடுமை.

அந்தத் தகப்பனாரிடம், நிலம் அப்படியே இருக்கட்டும், பிள்ளை ஒரு வாரம் என் ஓ.பி.யில் வந்து உட்காரட்டும் என்றேன். அப்போதுதான் அவள் போனைக் கீழே வைத்தாள். "எனக்குக் குழந்தைகள் வைத்தியம்தான் சார் பிடிக்கும்" என்றாள்.

பெற்றோரே, பத்திரத்தை எடுக்குமுன் பிள்ளையை ஒருமுறை கேட்டுவிடுங்கள்.